மூட்டையா, சில்லறையா? கீழமாசி வீதி சிட்ரிக் ஆசிட்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். சர்பத், பன்னீர் சோடா, ஜாம், ஊறுகாய் என்று எது போட்டாலும், சிட்ரிக் ஆசிடைத் தையல் பிரிக்காத 25 கிலோ மூட்டையாக, ‘அன்ஹைட்ரஸ்’ (நீர் சேராதது) என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு மூட்டை உங்களுக்கு மட்டும் தீராது என்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். கடையில் அள்ளிப் போட்டுக் கட்டித் தரும் லூஸ் சரக்கு மலிவு மாதிரித் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுதான் விலை கூடுதல். மூட்டைக்கு ஐந்துக்கு நாலு. சில்லறைக்கு ஐந்துக்கு ஒன்றரை, அந்த அரையும் கடைக்காரரின் நல்ல சுபாவத்துக்காக.

நான் மதுரையில் திருநகர் பக்கம் வீட்டுப் பின்கட்டில் நன்னாரி, எலுமிச்சை, இஞ்சி என்று மூன்று வகை சர்பத் காய்ச்சிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். படித்தது வேதியியல். அதற்கான வேலைக்குப் போகவில்லை, ஆனால் ஒரு பியூரெட்டும் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) நாலு கண்ணாடிக் குடுவையும் என்னோடு தங்கிவிட்டன. ருசி பார்க்கும் அதிகாரம் முழுக்க என் அத்தையிடம். அவர் உதட்டைச் சுழித்தால் அந்த அண்டா வெளியே போகாது.

எலுமிச்சம்பழம் இருக்கும்போது இந்தத் தூள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எலுமிச்சை சர்பத்தில் நான் பழச்சாறுதான் ஊற்றுகிறேன். ஆனால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். பொதுவாக ஒரு லிட்டர் சாற்றில் 45 முதல் 50 கிராம் சிட்ரிக் அமிலம் இருக்கும் என்பார்கள், தோல் காய்ந்த கோடைப் பழத்தை நம்பி அளவு போட முடியாது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில், ஊரே தண்ணீர்ப் பந்தலும் சர்பத்துமாக இருக்கும்போது, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பழத்தின் விலையைக் கேட்டால் கேட்ட வாய் மூடாது. அப்போது புளிப்பைச் சமன் செய்ய இந்தத் தூள் வேண்டும். நன்னாரிக்கோ அதற்கென்று புளிப்பே கிடையாது. இன்னொரு காரணம் பாகு. வெறும் சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி வைத்தால் சில வாரத்தில் பாட்டில் அடியில் கல்கண்டு கட்டிவிடும். கொதிக்கும்போது கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் போட்டால் சர்க்கரையின் ஒரு பங்கு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைந்துவிடும். இரண்டும் கலந்து நிற்கிற பாகு எளிதில் உறையாது. ஆக, என் தொழிலில் சர்க்கரைக்கு அடுத்த சாமான் இதுதான்.

இனி கடைக்கு வருவோம். கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது. பெயர் வேண்டாம். எசன்ஸ், கலர், படிகாரம், சலவை சோடா, பேக்கரி சாமான் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மூட்டைகளின் வாயைச் சுருட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். அண்ணாச்சி தங்கமான மனிதர். கடன் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். மழையென்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார். சரக்கில்தான் எனக்கு வழக்கு.

“அண்ணாச்சி, இது அன்ஹைட்ரஸா, மோனோவா?”

“எல்லாம் ஒரே சரக்குதான் தங்கச்சி. புளிக்கும், அம்புட்டுத்தான்.”

“மூட்டையில என்ன போட்டிருக்குன்னு பாக்கலாமா?”

“மூட்டை குடோன்ல கெடக்கு. அன்ஹைட்ரஸ்னே எழுதிக்கோ, நான் சொல்றேன்ல.”

எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பியூரெட்டை எடுத்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பணம் போவது இங்கேதான். சிட்ரிக் ஆசிட் இரண்டு உருவத்தில் விற்கிறது. ஒன்று நீர் இல்லாத படிகம், அதுதான் அன்ஹைட்ரஸ். மற்றொன்றில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டிருக்கும், அது மோனோஹைட்ரேட். பார்க்க இரண்டும் வெள்ளைப் பரல்தான், தொட்டால் இரண்டும் காய்ந்தே இருக்கும். ஆனால் மோனோவில் எடையில் 8.6 சதவீதம் வெறும் தண்ணீர். ஒரு கிலோ வாங்கினால் 914 கிராம்தான் அமிலம்.

கண்ணால் பிரிக்க முடியாததைக் காரம் பிரித்துவிடும். ஒரு கிராம் தூளைக் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டு, ‘ஒரு நார்மல்’ என்கிற அடர்த்தியில் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அன்ஹைட்ரஸ் 15.6 மில்லி குடித்த பிறகுதான் இளஞ்சிவப்பாகும். மோனோ 14.3 மில்லியிலேயே சிவந்துவிடும். அண்ணாச்சி கடைச் சரக்கு மோனோவின் கோட்டைக்கூட எட்டாமல், அதற்குச் சற்றுக் கீழேயே சிவந்தது. அதாவது தண்ணீரும் இருக்கிறது, அதற்கு மேல் வேறு ஏதோவும் இருக்கிறது.

அந்த வேறு ஏதோ என்ன என்பது தண்ணீரில் கரைக்கும்போது தெரிந்தது. தூளைப் போட்டதும் அங்கங்கே பொடிப் பொடியாக நுரைக் குமிழி வந்தது. சுத்தமான சிட்ரிக் ஆசிட் தண்ணீரில் நுரைக்க வேண்டிய வேலையே இல்லை. பக்கத்து மூட்டையில் இருக்கும் சலவை சோடாவுக்கும் இதற்கும் ஒரே கரண்டி. சாப்பிடுகிற பொருளில் சலவை சோடாக் கரண்டியை விடுவதை எந்த நல்ல சுபாவத்தாலும் ஈடுகட்ட முடியாது.

விலையைப் பாருங்கள். நான் வாங்கியபோது சில்லறை கிலோ 110 ரூபாய். மூட்டையாக எடுத்தால் கிலோவுக்கு 116. ஆறு ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் 110 ரூபாய்க்குக் கிடைத்தது 914 கிராம் அமிலம்தான், அதுவும் சரக்கு சுத்தமான மோனோ என்று வைத்துக்கொண்டால். அந்தக் கணக்கில் ஒரு கிலோ அமிலத்துக்கு 120 ரூபாய் ஆகிறது. மோனோவை மோனோ என்று சொல்லி அதற்குத் தக்க விலையில் விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை, அளவைக் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம். பெயரை மாற்றிச் சொல்வதால்தான் அளவு தவறுகிறது. போன முறை சரியாக இருந்த நன்னாரி இந்த முறை ‘சப்’பென்று இருக்கிறதே என்று அத்தை கேட்டால், அண்ணாச்சியா வந்து பதில் சொல்லுவார்?

மூட்டைக்கு வருகிறேன். உரம் வரும் சாக்கு மாதிரி இல்லாமல், வெளியே பல அடுக்குத் தாள், உள்ளே பாலித்தீன் உறை. எனக்கு வந்தவை எல்லாம் சீனாவின் சாண்டோங் மாகாணத்தில் செய்தவை. உலகத்தில் இந்தச் சரக்கை அதிகம் செய்வது சீனாதான், மூலப்பொருள் பெரும்பாலும் மக்காச்சோள மாவு. மூட்டையின் மேல் பேட்ச் எண், செய்த தேதி, 30-100 மெஷ் என்று பரலின் அளவு, ஐ.என்.எஸ். 330 என்ற உணவுச் சேர்க்கை எண் எல்லாம் இருந்தன. கேட்டால் அந்த பேட்ச் எண்ணுக்கான ஆய்வுச் சான்றின் நகலும் தருகிறார்கள். கேட்காமல் தர மாட்டார்கள், கேளுங்கள்.

சான்றில் எதைப் பார்ப்பது என்று பலர் கேட்டார்கள். அதைப் புரிந்துகொள்ள இந்தத் தூள் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். நான் பணம் கொடுப்பது புளிப்புக்கு என்பதைவிட, அந்தப் புளிப்பைக் கழுவிச் சுத்தம் செய்த வேலைக்கு என்றுதான் சொல்லுவேன்.

மூட்டையில் இருப்பது பழத்திலிருந்து வந்தது அல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சை சர்க்கரையைத் தின்று வெளியே விடுவது. வெங்காயத்தை உரிக்கும்போது மேல்தோலுக்கு அடியில் கருப்பாகப் பொடி ஒட்டியிருக்குமே, பெரும்பாலும் அந்த ஆள்தான். சர்க்கரையில் வளரும் பூஞ்சை சிட்ரிக் அமிலம் விடுகிறது என்று 1893-இல் கார்ல் வேமர் என்ற ஜெர்மானியர் கண்டார். நைஜரை நல்ல புளிப்பான கரைசலில் வளர்த்தால் அமிலம் அள்ளிக் கொடுக்கும் என்று 1917-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கர்ரி காட்டினார். ஃபைசர் கம்பெனி அவரைக் கூட்டிக்கொண்டு 1919-இல் புரூக்ளினில் அதைத் தொழிலாக்கியது. அதுவரை உலகத்துக்கே இத்தாலி எலுமிச்சைதான் ஆதாரம். பின்னால் இரண்டாம் உலகப் போரில் பென்சிலினைப் பெரிய தொட்டிகளில் வளர்த்தபோது, இந்தப் புளிப்புத் தொழிலில் கிடைத்த அனுபவம்தான் அந்தக் கம்பெனிக்குக் கைகொடுத்தது.

தொட்டியில் பூஞ்சை செய்கிற வேலை ஏறக்குறைய ஒரு வாரம். சுமார் 30 டிகிரி சூடு, விடாமல் காற்று, எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளித்த கரைசல். மாங்கனீஸ் கொஞ்சம் கூடினால்கூடப் பூஞ்சை அமிலத்தை விட்டுவிட்டு உடம்பை வளர்க்கப் போய்விடும், அதனால் சர்க்கரைப் பாகையே முதலில் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் கழித்துத் தொட்டியில் இருப்பது பழுப்பு நிறச் சாறு. அதில் சிட்ரிக் அமிலமும் உண்டு, தின்னாமல் விட்ட சர்க்கரை, புரதம், உப்பு, நிறம், பூஞ்சையின் உடம்பு எல்லாமும் உண்டு. இதை எப்படி வெள்ளைப் பரலாக்குவது?

1784-இல் ஸ்வீடனில் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து முதன்முதலாக இந்த அமிலத்தைப் படிகமாகப் பிரித்த அதே தந்திரம்தான் இன்றைக்கும் பல ஆலைகளில். பூஞ்சையை வடிகட்டிவிட்டுச் சூடான சாற்றில் சுண்ணாம்புப் பாலை ஊற்றுகிறார்கள். சிட்ரிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சிட்ரேட்டாகி அடியில் வெள்ளையாக விழுகிறது. சர்க்கரையும் நிறமும் மேலே தண்ணீரிலேயே நின்றுவிடுகின்றன. அந்த வெள்ளைச் சேற்றைக் கழுவி, கந்தக அமிலத்தை விட்டால் சுண்ணாம்பு கந்தகத்தோடு போய் ஜிப்சமாகிறது, சிட்ரிக் அமிலம் விடுபட்டுத் தண்ணீருக்கு வருகிறது. அப்புறம் கரித்தூளில் ஊறவைத்து நிறம் எடுப்பது, அயனி மாற்றும் பிசின் வழியே விட்டு உப்பு எடுப்பது, குறைந்த அழுத்தத்தில் சுண்டவைப்பது, படிகமாக்குவது, சுழற்றி வடிப்பது, உலர்த்திச் சலிப்பது. கணக்குப் பார்த்தால், ஒரு டன் சிட்ரிக் ஆசிடுக்கு ஒன்றே கால் டன்னுக்கும் மேலே ஜிப்சம் கழிவாக விழும். முக்கால் டன்னுக்கும் கொஞ்சம் அதிகமாகக் கந்தக அமிலம் செலவாகும். பொருளைவிடக் குப்பை எடை கூடுதல். இதைத் தவிர்க்கத்தான் கரைப்பானில் இழுத்துப் பிரிக்கும் முறை, பிசின் தூண்களில் நேரடியாகப் பிரிக்கும் முறை என்று வேறு வழிகளும் வந்திருக்கின்றன.

இப்போது சான்றைப் பாருங்கள், ஒவ்வொரு வரியும் மேலே சொன்ன ஒரு படியைக் காட்டிக்கொடுக்கும். சல்பேட் என்று ஒரு வரி இருக்கும். கந்தக அமிலம் விட்ட இடத்தில் கை தாராளமாகியிருந்தால் அது ஏறும். உணவுத் தரத்துக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் எல்லை. ஆக்சலேட் என்று இன்னொன்று. இந்தப் பூஞ்சை சூழ்நிலை சரியில்லை என்றால் ஆக்சாலிக் அமிலமும் விடும். சுண்ணாம்பு ஊற்றும்போது அதை முதலிலேயே புளிப்பு குறையாத நிலையில் வீழ்த்தி எடுக்காமல் விட்டால் பொருளோடு வந்துவிடும். அதற்கு எல்லை 100. ஈயம் அரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஈரம் என்ற வரிதான் அண்ணாச்சிக்கும் எனக்கும் நடுவில் நின்ற வரி. அன்ஹைட்ரஸ் என்றால் 0.5 சதவீதத்துக்குள், மோனோ என்றால் 7.5 முதல் 8.8 வரை. படிகமாக்கும்போது 36.6 டிகிரிக்கு மேலே வைத்தால் நீரில்லாத படிகம் விழும், கீழே வைத்தால் நீரோடு விழும். ஒரே கரைசல்தான், சூடுதான் வேறு.

சான்று இல்லாதவர்களுக்கு ஒரு வழி: வடிகட்டிய தண்ணீரில் சம எடை தூளைக் கரைத்து வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் தட்டினால் கரித்தூள் வேலை சரியில்லை. அடியில் மாவு மாதிரி மெல்லிய படலம் இருந்தால் ஜிப்சம் தங்கியிருக்கலாம். மூட்டைச் சரக்கு பச்சைத் தண்ணீர் போலவே நின்றது. சில்லறைச் சரக்கில் மஞ்சளும் இருந்தது, படலமும் இருந்தது, கூடவே ஒரு சணல் நூலும் மிதந்தது.

மூட்டைக்கு ஏன் முழு ஐந்து கொடுக்கவில்லை என்றால், சில தொல்லைகள் உண்டு. நூல் தையலை எந்த முனையில் இழுத்தால் பிரியும் என்பது கொடுப்பவருக்கே தெரியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினால் தாள் துணுக்கு உள்ளே விழுகிறது. 25 கிலோவைச் சாய்த்து அள்ளும்போது தூசி பறந்து மூக்கு, கண் எல்லாம் எரியும். கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் உயிர் போகும். முகத்துக்குத் துணியும் கைக்கு உறையும் இல்லாமல் தொடாதீர்கள். மதுரை வெயிலைப் பற்றிச் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் கவலையில்லை, அன்ஹைட்ரஸ் அதைத் தாங்கவும் தாங்குகிறது. ஐப்பசி மழையைத்தான் தாங்காது. திறந்து வைத்த மூட்டை அந்த ஈரக் காற்றில் இறுகிப் பாறையாகிவிடும். பிரித்த அன்றே காய்ந்த எவர்சில்வர் டப்பாக்களில் நிரப்பி வாயை இறுக்கிவிடுவது உத்தமம். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், அரித்துவிடும். பித்தளையும் கூடாது.

இறுகிய கட்டி வீண் இல்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் கெண்டிக்குள் வெள்ளை உப்பு அப்பிக்கொள்ளும். அந்தக் கட்டியை உடைத்து இரண்டு கரண்டி, ஆறின தண்ணீரில் போட்டு ஊற வைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும். கொதிக்க வைக்காதீர்கள். உப்பு அதிகமாக இருந்து சூடும் ஏறினால் கெண்டியின் அடியில் தேய்த்தாலும் போகாத புது வெள்ளைப் படிவு ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அதுதான் ஆலையில் வேண்டுமென்றே வீழ்த்துகிற கால்சியம் சிட்ரேட். சூட்டில் அது குறைவாகத்தான் கரையும், அதனால்தான் அங்கே சாற்றைச் சூடாக்கிச் சுண்ணாம்பு ஊற்றுகிறார்கள்.

ருசி விஷயத்தில் அத்தை சொல்வது: மூட்டைச் சரக்கின் புளிப்பு நாக்கில் ‘சுருக்’கென்று ஏறும், அதே வேகத்தில் இறங்கிவிடும். எலுமிச்சை அப்படி இல்லை, மணமும் கசப்பும் பின்னால் வரும். உண்மைதான். தூள் என்பது புளிப்பு மட்டும்தான். வேதியியலில் பழத்தின் சிட்ரிக் அமிலமும் பூஞ்சையின் சிட்ரிக் அமிலமும் ஒன்றே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பாட்டிலில் எலுமிச்சம்பழப் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே வெறும் தூளும் எசன்ஸும் ஊற்றுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. நான் லேபிளில் ஐ.என்.எஸ். 330 என்று எழுதுகிறேன். “இது கெமிக்கலாக்கா?” என்று கேட்கிறவர்களுக்கு, சர்க்கரையும் கெமிக்கல்தான் என்று ஆரம்பித்துப் பூஞ்சை வரைக்கும் சொல்லுவேன். பூஞ்சை என்றதும் சிலர் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். இட்லி மாவு எதனால் பொங்குகிறது என்று அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை.

மூட்டை எடுத்த மொத்தக் கடையில் கூடவே வாங்கிய மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக.

சோடியம் சிட்ரேட்: சிட்ரிக் அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கிப் படிகமாக்கியது. பன்னீர் சோடாவில் புளிப்பின் முனையை மழுக்க ஒரு சிட்டிகை போதும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். பொடியில் லிட்டருக்கு 2.9 கிராம் இதுதான் இருக்கிறது, ரத்தப் பைகளில் ரத்தம் உறையாமல் காப்பதும் இந்த சிட்ரேட்டே. அவ்வளவு மரியாதைக்குரிய சாமானைக் கடையில் பேர் எழுதாத பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு, அச்சடித்த ஒரு கிலோ பொட்டலம் வாங்கினேன். சரக்கு குறை சொல்ல முடியாது.

சாந்தன் கம்: இஞ்சி சர்பத்தில் இஞ்சித் தூள் அடியில் தங்காமல் இருக்க. முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவைச் சர்க்கரையில் வளர்த்து, கொழகொழப்பான சாற்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றினால் நார் நாராகப் பிரிந்து வருவதை உலர்த்தி அரைத்த பொடி. லிட்டருக்கு ஒரு கிராமே அதிகம். கிலோ விலையைப் பார்த்தால் தலை சுற்றும், ஆனால் ஒரு கால் கிலோ டப்பா எனக்கு மாதக்கணக்கில் வருகிறது. தண்ணீரில் நேராகப் போட்டால் கட்டி தட்டி மீன் கண்ணாக மிதக்கும், பிறகு ஆண்டவனாலும் கரைக்க முடியாது. பத்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து தூவுங்கள். ஐந்துக்கு நாலு.

லாக்டிக் ஆசிட், 88 சதவீதத் திரவம்: மசாலா மோர் கலவை ஒன்று போடலாம் என்று ஒரு லிட்டர் வாங்கினேன். தயிரின் மென்மையான புளிப்பு வரும் என்பது எதிர்பார்ப்பு. புளிப்பு வந்தது, கூடவே வேகவைத்த சர்க்கரைக் கழிவு மாதிரி ஒரு வாடையும் வந்தது. இதைச் சுத்தம் செய்வது சிட்ரிக் ஆசிடைவிடப் பெரிய பாடு. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பாகாகவே நிற்கும், சிட்ரிக் போல எளிதில் படிகமாகி அழுக்கை வெளியே தள்ளிவிடாது. நல்ல தரம் வேண்டுமென்றால் ஆல்கஹாலோடு சேர்த்து எஸ்டராக மாற்றி, அதைக் காய்ச்சி வடித்து, மறுபடி தண்ணீரால் உடைத்து அமிலமாக்க வேண்டும். அந்த வேலை செய்த சரக்கு நிறமில்லாமல், சூட்டில் பழுக்காமல் இருக்கும், விலையும் அதற்குத் தக்கபடி. எனக்குக் கிடைத்தது லேசான பழுப்பு, அடுப்பில் வைத்ததும் இன்னும் பழுத்தது. தோல் பதனிடுகிறவர்களும் இதை வாங்குவார்கள், அவர்களுக்கு அந்தத் தரம் போதும். மோருக்குப் போதாது. ஐந்துக்கு ஒன்று.

இந்த லாக்டிக் அமிலத்தையே லாக்டைடாக மாற்றிக் கோத்துத்தான் ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்கிற பி.எல்.ஏ. கப் செய்கிறார்கள். சர்பத் ஊற்றிக் கொடுக்க ஒரு கட்டு வாங்கிப் பார்த்தேன். குளிர்ந்த சர்பத்துக்கு நன்றாகவே இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் இரண்டைக் கேட்டு வாங்கிச் சூடான டீ ஊற்ற, கப் கையிலேயே இளகிக் குனிந்துவிட்டது. ஏறக்குறைய 60 டிகிரியிலேயே அது இளகும். வீட்டுக் குப்பைக்குழியில் போட்டால் மக்கிவிடும் என்றும் நம்ப வேண்டாம், பெரிய உரக் கிடங்கின் சூடு அதற்கு வேண்டும்.

மூட்டை பங்கு போடுவதில் ஒரு நடைமுறை: ஊறுகாய் போடும் ஒரு அக்கா, சோடாக் கம்பெனி வைத்திருக்கும் ஒரு தம்பி, நான். மூன்று பேரும் ஒரே நாளில் உட்கார்ந்து பிரித்து, ஒவ்வொரு டப்பாவிலும் பேட்ச் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுகிறோம். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து கேட்டால் காட்டுவதற்குச் சான்றின் நகல் மூவரிடமும் இருக்கிறது. தெரிந்தவர்கள் வேறு யாரும் சேர்ந்தால் இரண்டு மூட்டையாக எடுக்கலாம், கிலோவுக்கு இன்னும் இரண்டு ரூபாய் குறைப்பதாக மொத்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஐப்பசிக்கு முன்னால் எடுத்தால் நல்லது.